படகை அங்கேயே நிறுத்துங்கள்

மூடுபனிக்குள் ஒரு மோட்டார் ஓய்ந்து கிடக்கிறது.
எண்பத்திரண்டு பேர். ஆயாகூச்சோ மலையிலிருந்து
இரண்டு நாள் பஸ், ஒரு ராத்திரிப் படகு,
மண்வெட்டி, கம்பளி, ஆளுக்கொரு பை உருளைக்கிழங்கு.
பறவை எச்சம் வெட்டி மூட்டை கட்ட வந்தவர்கள்.
கரைக்கு இன்னும் நானூறு மீட்டர்.
"இறக்கவா?" என்கிறது வயர்லெஸ்.
"இருங்கள்" என்கிறேன்.
ஒன்பது வருடத்தில் இந்தத் தீவிலிருந்து
நான் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அதுதான்.

நான் எவாரிஸ்தோ சுங்கா. காவல்காரன்.
இங்கே பறவையைத் தலை எண்ணி மாளாது;
பரப்பை அளப்போம்.
குவானாய் நான்கு ஹெக்டேர், பிக்கேரோ ஒன்றரை,
பெலிக்கன் ஓரமாக, கால் ஹெக்டேர்.
திங்கட்கிழமை அந்த ஓரம் சுருங்கியது.
செவ்வாய், ஒரு பெலிக்கன்
கழுத்தை வானுக்கு முறுக்கிக்கொண்டு
ஒரே கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது.
சொன்னேன்.
"மீன் வரத்து இல்லை, பசியாக இருக்கும்" என்றது அலுவலகம்.
கண்ணால் கண்டதை எழுத
அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் நெல்பாவை அனுப்பினார்கள்.
வெள்ளை அங்கி, இரண்டு அடுக்குக் கையுறை,
மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி.
எனக்கும் ஒரு அங்கி; முழங்காலோடு நின்றுவிட்டது.
கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டிதான் ஆய்வகம்.
பஞ்சுக் குச்சியால் தொண்டையில் ஒரு சுழற்று,
வாலடியில் இன்னொன்று,
குப்பியில் கலக்கிப் பட்டையில் நான்கு சொட்டு.
பிறகு கடிகாரம்.
பியூராவில் என் மகள் இப்படி ஒரு பட்டையை
ஜன்னலோரம் வைத்துவிட்டு
எனக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள்.

முதல் பறவை: ஒரே கோடு.
வயர்லெஸில் யாரோ விசிலடித்தார்கள்.
பனிக்குள் மோட்டார் இருமியது.
நெல்பா எழுந்திருக்கவில்லை.
"ஒற்றைக் கோடு என்றால் நோய் இல்லை என்றில்லை.
இந்தக் குச்சியில் அகப்படவில்லை, அவ்வளவுதான்.
நீங்கள் பார்த்தது எது?"

மூன்று நாளாக யாராவது கேட்பார்கள் என்றிருந்தேன்.
கேட்டபோது வாய் உலர்ந்துபோனது.
கையைத்தான் காட்டினேன்.

அது இப்போது கல்லைச் சுற்றவில்லை.
அலகுப் பை நனைந்த துணியாகத் தொங்கியது.
தூக்கினால் இறகின் எடைதான்.

நான்கு நிமிடம்: ஒன்றுமில்லை.
ஏழு: ரோஜா நிறத்தில் நீர் ஏறுகிறது.
பதினொன்று: வேண்டாம், வேண்டாம் என்றது மனசு.
மூன்று நாளாக நம்பச் சொல்லிக் கத்தியவனும் நான்தான்.
பதிமூன்று: சாய்த்துப் பார்த்தால் இருக்கிறது,
நேரே பார்த்தால் இல்லை.
நெல்பா டார்ச்சைக் கிட்டே பிடித்தாள்.
பதினைந்து.
முடியளவு.
இருக்கிறது.

நெல்பா தலையசைத்தாள்.
வயர்லெஸை நான் எடுத்தேன்.

பட்டையில் விழுந்த அந்தக் கோடு
நானூறு மீட்டர் நீண்டு கடலில் கிடந்தது.
எண்பத்திரண்டு பேரில் ஒருவரும் தாண்டவில்லை.
மோட்டார் திரும்பும் முன்
கெச்சுவா கலந்த ஸ்பானிஷில் ஒரு குரல் கேட்டது:
"அப்படியென்றால் இந்த மாதக் கூலி?"
பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றேன்.
அதற்கும் கட்டமில்லை.

ராத்திரி.
லிமாவுக்குப் போக வேண்டிய குப்பிகள் பனிக்கட்டியில்.
பட்டைகள் கட்டிய பையில், விளக்கடியில்.
முதல் பட்டையில், அந்த நல்ல பட்டையில்,
இரண்டாவதாக ஒரு கோடு
மெல்லத் தலைகாட்டியிருந்தது.
கூப்பிட்டுக் காட்டினேன்.
"நேரம் கடந்து வருவதைப் படிக்கக் கூடாது" என்றாள்.
"அது கணக்கில் சேராது."
சொல்லிவிட்டு வெகுநேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தால் ஓரத்தை அளக்க வேண்டும்.
ஆணியில் இரண்டு கயிறு தொங்குகிறது.
குட்டையானதை எடுத்து வைத்தேன்.